மேட்டில் இருப்பவன் கடமை

மனிதர் ஒருவருக்கொருவர் ஆற்றவேண்டிய கடமைகளைப்பற்றி எழுதிய நீதி நூற்காரர் பலரும், பெரும்பாலும் ஒரே அடிப்படையின் மீதே தம் கட்டடத்தை எழுப்பியிருக்கின்றனர். அஃதாவது, நீ பிறர்க்குச் செய்வதைப் பிறரும் உனக்குச் செய்யக்கூடும். ஆகையால் நன்மையையே செய் என்பதாம். அண்டை வீட்டுக் கூரையில் நெருப்பிட எண்ணுகிறவன், அந்நெருப்பு தன் கூரைக்கும் தாவுமே என்று அஞ்சுகிறான். பிறர் முடைக்கு உதவாதவன், தனக்கு முடை வரும்போது கை நீட்ட நாணுகிறான். கைம்மாறு என்னும் ஆசையும், பழிக்குப் பழி என்னும் அச்சமும் சேர்ந்து ஊர் ஒழுங்கை ஒருவாறு காத்து வருகின்றன. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் மனிதன் எவ்வாறு நடந்துகொள்வான் என்பதே அவனுடைய ஒழுக்கத்திற்கு உண்மையான உரைகல்.

அத்தகைய இடம் ஒன்று உண்டு. அது ஆற்றங்கரை. நீர் ஒரு திசையில்தான் ஓடும். மேட்டில் இருப்பவன் ஆற்றில் தள்ளிய மண் பள்ளத்தில் இருப்பவன் வீட்டிற்குள் வருகிறது. பள்ளத்தில் இருப்பவன் எவ்வளவு சினந்தாலும் அந்த மண்ணை மேட்டுக்குத் திருப்பி அனுப்ப அவனால் ஆகாது. மேட்டுக்காரன் மரத்தை நட்டால் அதன் பயனும் பெரும்பாலும் கீழேயுள்ளவனுக்கே. மரத்தை வெட்டினால் அதன் கேடும் கீழேயுள்ளவனுக்கே. இங்கே கைம்மாறுக்கும் வழியில்லை, பழிவாங்கலுக்கும் வழியில்லை. அங்ஙனமாயின் மேட்டில் இருப்பவனைக் கட்டுப்படுத்துவது எது? இக்கேள்வியை ஏட்டளவில் மட்டும் ஆராயாமல், நாம் வாழும் கேமரன் மலையின் ஓர் ஆற்றை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஆற்றின் வரலாறு

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பிரிஞ்சாங் மலையின் சரிவுகளில் பெர்த்தாம் ஆறு தோன்றுகிறது. தோன்றுமிடத்தில் அதை ஆறு என்று சொல்வதற்குக்கூட நாக்கு கூசும். பாய்ந்து தாண்டக்கூடிய ஓடைதான். அது பிரிஞ்சாங் பட்டணத்தின் வழியாக இறங்கித் தானா ராத்தாவை அடைந்து, ராபின்சன் அருவியாய் வீழ்ந்து, ஹாபுவைக் கடந்து, ரிங்லெட்டில் ஓர் ஏரியில் அடங்குகிறது. அந்த ஏரி இயற்கையானதன்று. மின்சாரம் எடுப்பதற்காக 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை தேக்கிய நீரே அது. அணைக்குக் கீழே, பழைய ஆற்றின் தடத்தில், பெர்த்தாம் பள்ளத்தாக்கின் வீடுகளும் காய்கறித் தோட்டங்களும் இருக்கின்றன.

இவ்வமைப்பில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஏரியில் சேரும் நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மேற்கே திருப்பி, பேராக் பக்கத்தில் உள்ள மின்நிலையத்திற்குக் கொண்டுபோய்ச் சக்கரங்களைச் சுழற்றுகின்றனர். அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள தெலோம் ஆற்றின் நீரையும் இதே வகையில் சுரங்கம் வெட்டிப் பெர்த்தாமின் பக்கம் சேர்த்திருக்கின்றனர். ஆகவே, இரு பள்ளத்தாக்குகளின் நீரும், அந்நீரோடு வரும் மண்ணும் ஓர் ஏரிக்கு வருகின்றன. அதன் பயனாகிய வெளிச்சம் சுரங்கத்தின் வழியே மேற்கு நோக்கிப் போய்விடுகிறது. அதன் அபாயமோ பழைய ஆற்றின் வழியே பெர்த்தாம் பள்ளத்தாக்கின் தலைமேல் தொங்குகிறது. பயன் ஒரு வழி, அபாயம் ஒரு வழி என்று பிரிந்துவிடும் எந்த ஏற்பாட்டிலும் நியாயம் எங்கே நிற்கிறது என்று நின்று கேட்கவேண்டியது அவசியமாகும்.

இம்மலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது ஆண்டு முழுதும் பரவிப் பெய்தாலும், ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பர் மாதங்களிலும் உச்சத்தை எட்டும். இம்மழை நேற்றுப் பெய்யத் தொடங்கியதன்று. வில்லியம் கேமரன் 1885இல் இம்மலையை அளக்க வந்தபோதும் பெய்துகொண்டுதான் இருந்தது. அன்று மலை முழுவதும் காடு. காட்டின் மேல் விழும் மழையை முதலில் இலை தாங்கும். பின்பு சருகு தாங்கும். பின்பு வேர் பின்னிய மண் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியது மட்டும் ஊற்றாய்க் கசிந்து பல நாள் ஓடும். காடு போய்ச் சரிவு வெறுமையானால், அதே மழை சில நாழிகைக்குள் மண்ணையும் வாரிக்கொண்டு ஆற்றில் குதித்துவிடும். ஒரு வாரத்தில் ஓடவேண்டிய நீர் ஒரே இரவில் ஓடினால் அதற்கு வெள்ளம் என்று பெயர்.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவுக்குப் பின், அவ்வாறே நேர்ந்தது. பெருமழையால் ரிங்லெட் ஏரி நிரம்பி அபாய நிலையை அடைந்தது. அணைக்கே கேடு வராதிருக்கும் பொருட்டு மதகுகள் திறக்கப்பட்டன. சேறும் மரங்களும் கலந்த நீர், உறங்கிக்கொண்டிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கின்மீது பாய்ந்தது. வீடுகள் இடிந்தன; வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன; மனித உயிர்களும் பறிபோயின. அடுத்த ஆண்டு, 2014 நவம்பர் முதல் வாரத்தில், ரிங்லெட் பக்கத்திலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கிலும் மீண்டும் சேற்று வெள்ளம் வந்து மீண்டும் உயிர்ப்பலி கொண்டது.

தெய்வத்தின் தலையில் போடுவது

இத்தகைய காலத்தில் ஜனங்கள் வாயில் முதலில் வரும் சொல் விதி என்பது. சர்க்கார் அறிக்கையில் முதலில் வரும் சொல் வழக்கத்திற்கு மீறிய மழை என்பது. சட்டப் புத்தகத்தில் இதற்குத் தெய்வச் செயல் என்றே ஒரு பெயர் உண்டு. மூன்றும் ஒரே பொருளையே குறிக்கின்றன. அஃதாவது, எவரையும் கேள்வி கேட்க வேண்டா என்பதே.

சட்டம் இவ்விஷயத்தில் பட்ட பாட்டைச் சிறிது பார்ப்போம். இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்னும் ஆலை முதலாளி தம் நிலத்தில் ஒரு நீர்த்தேக்கம் கட்டுவித்தார். அந்நீர் பூமிக்குள் இருந்த பழைய குழிகளின் வழியே ஓடி, பிளெட்சர் என்பவருடைய நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. வழக்கு பிரபுக்கள் சபைவரை போயிற்று. 1868இல் அச்சபை கூறிய தீர்ப்பின் சாரம் இது: தன் நிலத்தில் இயற்கையாக இல்லாத ஆபத்தான பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பவன், அது தப்பித்துச் சென்றால் விளையும் கேட்டிற்கு, தான் கவனக்குறைவாய் இருந்தானா இல்லையா என்ற கேள்விக்கே இடமின்றி, பொறுப்பாளி ஆவான். நீரைச் சேர்த்தவன் நீருக்குப் பிணை. எவ்வளவு எளிய, எவ்வளவு நேர்மையான நியாயம்!

ஆனால் எட்டே ஆண்டுகளில், 1876இல், வேறொரு வழக்கு வந்தது. ஒருவர் தம் நிலத்தில் அழகுக்காக அமைத்திருந்த செயற்கை ஏரிகள், வரலாறு காணாத மழையில் உடைந்து, கீழேயிருந்த பாலங்களை அழித்துவிட்டன. மழை தெய்வச் செயல், ஆகவே ஏரிக்காரர் பொறுப்பாளியல்லர் என்று தீர்ப்பாயிற்று. முன்னர்ச் சாத்திய கதவின் பக்கத்திலேயே ஒரு திட்டி வாசல் திறக்கப்பட்டது. அவ்வாசலின் வழியே தப்பியோர் எத்துணைப் பேரோ!

கடல் கடந்து அமெரிக்காவில் நடந்ததையும் நோக்குவோம். பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்னும் தொழிலாளர் நகரத்திற்கு மேலே மலையில் ஓர் அணை இருந்தது. அதைப் பெருஞ்செல்வர்களின் உல்லாசச் சங்கம் ஒன்று வாங்கி, மீன் பிடிக்கவும் படகு விடவும் பயன்படுத்தி வந்தது. 1889 மே 31ஆம் நாள் பெய்த பெருமழையில் அவ்வணை உடைந்து, 2,209 பேர் மாண்டனர். செல்வர்கள்மீது தொடுத்த வழக்குகள் எவையும் வெற்றி பெறவில்லை. மேலே மீன் பிடித்தவர்கள் வேறு. கீழே மூழ்கியவர்கள் வேறு. அந்த அநியாயத்தைக் கண்ட பிறகே அமெரிக்க நியாயஸ்தலங்கள் பலவும், நீரைச் சேர்த்தவன் நீருக்குப் பிணை என்னும் பழைய விதியை நோக்கித் திரும்பலாயின.

மழை பெய்வது இயற்கை. அதில் தர்க்கம் இல்லை. ஆனால் மழை எங்கே, எதன்மேல் விழுந்தது. விழுந்த நீர் எவ்வழியாய் ஓட விடப்பட்டது. அவ்வழியில் எவர் குடியிருக்க நேர்ந்தது. அவருக்கு யார் எப்பொழுது எச்சரிக்கை செய்தார் என்னும் நான்கும் மனிதச் செயல்கள். ஐந்தில் நான்கு பங்கு மனிதன் செய்துவிட்டு, ஐந்தாம் பங்கின் பெயரால் முழுவதையும் தெய்வத்தின் கணக்கில் எழுதுவது, தெய்வ நம்பிக்கை உள்ளவர்களுக்கும் அடுக்காது, இல்லாதவர்களுக்கும் அடுக்காது.

ஒரு கூடை மண்

நிற்க. மனிதச் செயல் என்று ஒப்புக்கொண்டாலும், எந்த மனிதனுடைய செயல் என்று கேட்டால் பதில் எளிதன்று. அணையை நடத்துபவர், மேலே காட்டை அழித்தவர்கள் மண்ணை அனுப்பி ஏரியைத் தூர்த்துவிட்டார்கள் என்பார். காய்கறி பயிரிடுவோர், கட்டடம் கட்டுவோரைக் காட்டுவர். கட்டடக்காரர் சாலை போட்டவரைக் காட்டுவர். தேயிலைத் தோட்டத்தில் உள்ள நாமோ, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற நம் சரிவுகளைக் காட்டி, எங்களால் என்ன கேடு என்று கேட்டுவிட்டு, பள்ளத்தாக்கில் வெள்ளி நிறமாய் மின்னும் பிளாஸ்டிக் கூடாரங்களின் பக்கம் விரலை நீட்டுவோம்.

இவ்விரல் நீட்டலைச் சற்று நிறுத்தி, அளவை ஒன்றைப் பார்ப்பது நலம். இம்மலையின் ஆறுகளைப்பற்றி 1956இல் வெளியான ஓர் ஆய்வு, மூவகை நிலங்களிலிருந்து ஆற்றில் சேரும் மண்ணைக் கணக்கிட்டது. ஒரு சதுர கிலோமீட்டர் காட்டிலிருந்து ஆண்டிற்குச் சுமார் 25 கன மீட்டர். தேயிலை நிலத்திலிருந்து சுமார் 490. காய்கறி நிலத்திலிருந்து சுமார் 730. காய்கறி நிலமே முதலிடம் பெறுகிறது என்பது மெய்தான். ஆனால் தேயிலையும் காட்டைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு மண்ணை இழந்திருக்கிறது என்பதும் அதே அளவு மெய். முற்றி மூடிய தேயிலைச் செடி மண்ணைக் காக்கும். ஆனால் காட்டை வெட்டி முதல் நடவு நட்ட ஆண்டுகளிலும், பழைய செடியைப் பிடுங்கி மறுநடவு செய்யும் ஆண்டுகளிலும், தோட்டத்துச் சாலை ஓரங்களிலும் சரிவு திறந்தே கிடக்கிறது. முதற் கூடை மண்ணை ஆற்றில் இட்டவர்கள் பிளாஸ்டிக் கூடாரக்காரர்கள் அல்லர்.

ரிங்லெட் ஏரி முதலில் சுமார் 63 லட்சம் கன மீட்டர் நீர் கொள்ளுமாறு அமைந்தது. அதில் கணிசமான இடத்தை இன்று மண் பிடித்துக்கொண்டது. இயந்திரம் வைத்து அள்ள அள்ள, மேலிருந்து மண் வந்துகொண்டே இருக்கிறது. தூர்ந்த ஏரியில் மழை நீர் தங்க இடமில்லை. தங்க இடமில்லையாயின் மதகைத் திறந்தேயாகவேண்டும். ஆகவே அந்த இரவில் மதகைத் திறந்த கை ஒன்று. அக்கையைத் திறக்க வைத்த கைகள் பல்லாயிரம்.

இங்கேதான் ஒரு தந்திரமான வாதம் தலை காட்டுகிறது. என் நிலத்து மண் ஒரு கூடை. அது இல்லாதிருந்தாலும் வெள்ளம் வந்தே இருக்கும். ஆகவே வெள்ளத்திற்கு நான் காரணம் அல்லேன் என்று ஒருவன் சொல்லுகிறான். அடுத்தவனும் அதையே சொல்லுகிறான். பல்லாயிரம் பேரும் தனித்தனியே சொல்லுகின்றனர். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மையைப் போலவே இருக்கிறது. முடிவில் செத்தவர்கள் உண்டு, கொன்றவர் எவருமில்லை என்றாகிவிடுகிறது. இவ்வாதத்தில் எங்கேயோ புரட்டு இருக்கிறது என்று நெஞ்சு சொல்லுகிறது. எங்கே என்றுதான் அறிவு தேடவேண்டும்.

தோட்டக் கிராணி உத்தியோகத்தில் இருப்பவனுக்கு அப்புரட்டைக் கண்டுபிடிப்பது கடினமன்று. தோட்டத்தில் ஒரு தொழிலாளி கொய்த கொழுந்து, தொழிற்சாலைக்குப் போகும் லோரிச் சுமையில் எம்மாத்திரம்? அந்த ஒரு சுமை இல்லாவிட்டாலும் தொழிற்சாலை ஓடும், தேயிலை விற்கும். அப்படியிருந்தும் ஒவ்வொருவர் கொழுந்தையும் தனித்தனியே தராசில் நிறுத்து, ஈரத்திற்கென்று கழித்து, பெயருக்கு நேரே செக்குரோலில் எழுதுகிறோம். ஒரு கிலோ குறைந்தால் கூலி குறைகிறது. உன் பங்கு மிகச் சிறியது, அதை அளக்க இயலாது என்று எந்தத் தோட்டமும் எந்தத் தொழிலாளியிடமும் சொன்னதில்லை. லாபத்தில் சேரும் சிறு பங்கை அளக்கத் தெரிந்த உலகத்திற்கு, கேட்டில் சேரும் சிறு பங்கை மட்டும் அளக்கத் தெரியாமற் போவது எங்ஙனம்? தெரியாமையன்று அது, மனமின்மை. பலர் சேர்ந்து செய்த நன்மையைப் பங்கிட்டுக்கொள்வது முறையென்றால், பலர் சேர்ந்து செய்த தீமையையும் பங்கிட்டுக்கொள்வதே முறை. பங்கு சிறிது என்பது பொறுப்பைச் சிறிதாக்கும், இல்லாமல் ஆக்காது.

ஏரி வாரியமும் அதன் குறையும்

இது புதுமையான கருத்தன்று. நம் முன்னோர் இதை ஏட்டிலல்ல, கல்லிலேயே எழுதி வைத்திருக்கின்றனர். தொண்டை நாட்டு உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. அச்சபையின் பிரிவுகளில் ஒன்று ஏரி வாரியம். ஏரியின் கரையையும் மதகையும் காப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஆட்களை அமர்த்தினர். அவ்விதிகளுள் ஒன்று பொன்போற் போற்றத்தக்கது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். நீரை ஆள்பவன் கணக்குக் காட்டவேண்டும் என்னும் கொள்கை ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே தமிழ்நாட்டில் இருந்தது.

ஆனால் பழமை என்பதற்காக எதையும் கும்பிடுவது அறிவுடைமையன்று. அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவனுக்கே குடவோலையில் இடம் என்கிறது. ஏரிக்கு மண் சுமந்தவனுக்கும், மழையில் நனைந்து மடை திறந்தவனுக்கும், கரை உடைந்தால் முதலில் குடிசை இழப்பவனுக்கும் அங்கே இடமில்லை. மேட்டில் இருப்பவர்களே கூடி, மேட்டில் இருப்பவர்களுக்குள் கணக்குக் காட்டிக்கொண்டனர். கணக்கு என்ற பாதி அறத்தை அவர்கள் கண்டனர். அக்கணக்கை யாரிடம் காட்டுவது என்ற மறுபாதியைக் காணவில்லை. கேட்டைத் தாங்குகிறவனிடம் காட்டப்படாத கணக்கு, கணக்கே அன்று.

நீர் தாழ்ந்த இடத்தை நாடும் என்பர். அதுபோலவே துன்பமும் தாழ்த்தப்பட்டோரை நாடுகிறது. ஆற்றோரத்து நிலம் மலிவு. மலிவு நிலத்தில் ஏழை குடியேறுகிறான். வெள்ளம் வரும்போது அங்கேயே வருகிறது. கேமரன் மலையின் பள்ளத்தாக்குகளில் இன்று மண்ணோடு போராடும் தொழிலாளருட் பலர் வங்காள தேசத்திலிருந்தும், மியன்மாரிலிருந்தும், இந்தோனேசியாவிலிருந்தும், நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் வந்ததுபோலவே வந்தவர்கள். அபாயச் சங்கு ஊதினால் அதன் பொருள் இன்னதென்று அவர்களுக்கு யாரேனும் சொல்லியிருக்கிறார்களா? அறிவிப்புப் பலகை அவர்கள் படிக்கும் எழுத்தில் இருக்கிறதா? எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்று காட்டியிருக்கிறதா? கேட்பவனுக்கு விளங்காத எச்சரிக்கை, எச்சரித்தவனின் மனச்சாட்சிக்குச் செய்யும் தாலாட்டேயன்றி வேறில்லை.

இஃது எங்கோ மலைமூலையில் மட்டும் நடப்பதன்று. 2015 டிசம்பர் முதல் நாள் சென்னையில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கரையோரக் குடிசைகளும் மாடி வீடுகளும் ஒருங்கே மூழ்கின. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டசபையில் வைக்கப்பட்டபோது, அப்பேரிடர் மனிதரால் விளைந்தது என்றே அதில் கூறப்பட்டிருந்தது. அங்கும் மழை பெய்தது மெய். ஏரி நிரம்பியது மெய். திறக்கவேண்டி நேர்ந்ததும் மெய். எப்பொழுது, எவ்வளவு, யாருக்குச் சொல்லிவிட்டு என்பனவே கேள்விகள்.

நாளை இல்லாதவனிடம் கடமை கேட்பது

இனி, எதிர்வாதம் ஒன்றிற்கு நேர்மையாய் இடம் கொடுக்கவேண்டும். காய்கறி பயிரிடும் சிறு விவசாயியிடம் போய், படிக்கட்டு வரப்புக் கட்டு, வண்டல் குழி வெட்டு, ஆற்றோரம் இடம் விட்டு மரம் நடு என்று சொன்னால், அவன் கேட்பான்: ஐயா, இந்நிலம் அடுத்த ஆண்டு என் கையில் இருக்குமா? அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இம்மலையில் விவசாயிகள் பலர் நெடுங்காலமாய்த் தற்காலிக உரிமத்தின்மீதே பயிரிட்டு வந்தனர். அவ்வுரிமம் ஆண்டு முடிவில் தானே காலாவதியாகும். மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்க மறுத்தால் கேட்பதற்கு உரிமையில்லை. வேரூன்ற விடாமல் வைத்திருந்த ஒருவனை, நீ ஏன் மரம் நடவில்லை என்று வைவது என்ன நீதி? பத்தாண்டு கழித்துப் பயன் தரும் மரத்தை, பத்து மாதம் மட்டும் உறுதியுள்ளவன் நடமாட்டான். அவன் அவ்வாண்டே முதலை எடுக்க எண்ணி, சரிவின் கடைசி அடிவரை பயிரிடுவான். இது பேராசை என்பதைவிட அச்சம் என்பதே பொருந்தும்.

ஆகவே, கடமையைக் கேட்பதற்கு முன் கடமைக்கு வேண்டிய நிலையைக் கொடுப்பது ஆள்வோர் பொறுப்பு. மலேசிய அமைப்பில் நிலமும் ஆறும் மாநில அதிகாரத்திற்கு உட்பட்டவை; வெள்ளத் தடுப்பு வேலையில் பெரும்பங்கை ஆற்றும் வடிகால் நீர்ப்பாசனத் துறை 1932 முதல் இருந்து வருவது; மின்சாரம் வேறொரு நிறுவனத்தின் கையில். சரிவு நிலங்களில் கண்டபடி வெட்டுவதைத் தடுக்க 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாமையால் கெட்டது கொஞ்சம். ஒருவர் சட்டத்தை மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்ததால் கெட்டதே அதிகம். ஆற்றுக்கு எல்லை தெரியாது. மலையுச்சி முதல் அணைக்கட்டின் கீழுள்ள கடைசி வீடுவரை அது ஒரே உடம்பு. உடம்பின் தலையை ஒரு வைத்தியரும் வயிற்றை ஒரு வைத்தியரும் ஒருவரோடொருவர் பேசாமலே பார்த்தால் நோயாளி பிழைப்பது அரிது.

ஆயினும், விவசாயியின் அச்சம் அவனை முற்றிலும் விடுவித்துவிடாது. நிலம் நிலையில்லாதவனும் வாய்க்காலில் குப்பை கொட்டாமல் இருக்கலாம். கூடாரத்துப் பிளாஸ்டிக்கைக் கிழித்து ஓடையில் எறியாமல் இருக்கலாம். அங்ஙனமே நிலையான குத்தகையும் நீண்ட ஆயுளும் படைத்த தோட்டங்களுக்கு அவ்வச்சம் என்னும் சாக்கும் கிடையாது. கடமையின் அளவு இயலுமையின் அளவைப் பின்பற்றும். அதிகம் இயன்றவனுக்கு அதிகக் கடமை. முதலில் செய்யும் கடமையும் அவனுக்கே.

செய்யவேண்டியன

வெள்ளமே வராமல் தடுத்துவிடலாம் என்று யாரும் வாக்களிக்க முடியாது. மலையையெல்லாம் மறுபடி காடாக்கிவிட்டு நாம் அனைவரும் இறங்கிப் போவதும் நடவாது. அபாயத்தை ஒழிக்க இயலாத இடத்தில், அதைக் குறைப்பதும், குறைத்தது போக எஞ்சியதை நியாயமாய்ப் பகிர்ந்துகொள்வதுமே மனிதர்க்கு இயலும் அறம். அவ்வறம் நான்கு செயல்களாய் விரியும்.

முதலாவது, நீரை மேட்டிலேயே தாமதப்படுத்துவது. பிளாஸ்டிக் கூரைமேல் விழும் மழையில் ஒரு துளியும் மண்ணுக்குள் இறங்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு கூடாரத் தொகுதிக்கும் மழைத் தொட்டியும், வாய்க்கால் முடிவில் வண்டல் குழியும் வேண்டும். செங்குத்தான சரிவுகளில் புதிதாய் மண்ணைத் திறக்கவே கூடாது. மறுநடவு செய்யும் தேயிலைத் தோட்டம் ஒரே ஆண்டில் மலை முழுவதையும் திறக்காமல், சிறு சிறு துண்டாகத் திறந்து, மூடுபயிர் இட்டு, அதன் பின்னரே அடுத்த துண்டுக்குப் போகவேண்டும்.

இரண்டாவது, ஆற்றுக்கு உரிய இடத்தை ஆற்றுக்கே விடுவது. ஆற்றங்கரை வெறும் நிலமன்று. ஆண்டில் சில நாள் ஆறு வந்து படுத்துக்கொள்ளும் திண்ணை. திண்ணையை நாம் பிடித்துக்கொண்டால் அது நடு வீட்டிற்குள் வந்து படுக்கும். அங்கே குடியிருக்கும் ஏழைகளை வெறுமனே விரட்டுவதும் தகாது. மாற்று இடம் கொடுத்து, அவர்கள் பிழைப்பிற்கு எட்டும் தூரத்தில் குடியமர்த்தவேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கை. மேலே பெய்யும் மழையின் அளவும் ஏரியின் மட்டமும் கீழேயுள்ளவர்கள் அனைவரும் காணும்படி நாள்தோறும் அறிவிக்கப்படவேண்டும். மதகு திறக்கும் அறிவிப்பு, உறங்குபவன் விழித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மேட்டை அடையப் போதுமான நேரத்திற்கு முன், அவன் மொழியில் வரவேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதற்கு ஒத்திகை வேண்டும்.

நான்காவதே எல்லாவற்றிற்கும் வேர்: கணக்கு. பிரிஞ்சாங் முதல் பெர்த்தாம் பள்ளத்தாக்கு வரையுள்ள எல்லாரும் சேர்ந்த ஓர் ஏரி வாரியம் வேண்டும். அதில் மின்நிறுவனமும், மாநில அதிகாரிகளும், தேயிலைத் தோட்டங்களும், காய்கறி விவசாயிகளும், ஹோட்டல்காரரும், பூர்வகுடி மக்களும், அயல்நாட்டுத் தொழிலாளரின் பிரதிநிதிகளும் அமரவேண்டும். எந்த ஓடையிலிருந்து எவ்வளவு மண் வந்தது என்று ஆண்டுதோறும் அளந்து எழுதி, அதைப் பள்ளத்தாக்கில் கீழ்க்கோடியில் வைத்துப் படிக்கவேண்டும். மேட்டில் கூடும் கூட்டங்கள் போதும். கணக்குப் படிக்கும் கூட்டம் பள்ளத்தில்தான் கூடவேண்டும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். கைம்மாறும் அச்சமும் எட்டாத இடத்தில் மேட்டுக்காரனைக் கட்டுப்படுத்துவது, தன் செயலின் கணக்கைக் கீழேயுள்ளவன் முகம் பார்த்துச் சொல்லவேண்டிய நிலையே. முகம் தெரியாதவனுக்கு மனிதன் எளிதாய்க் கேடு செய்கிறான். முகம் தெரிந்தவனுக்குச் செய்யக் கூசுகிறான். அந்தக் கூச்சத்திற்கு வழி செய்வதே சமூக ஏற்பாட்டின் வேலை.

இன்னும் ஒன்று. பெர்த்தாம் பள்ளத்தாக்கு ஆற்றில் மட்டும் இல்லை, காலத்திலும் இருக்கிறது. இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகள் அனைவரும் நமக்குக் கீழ்ப்பள்ளத்தில் இருப்பவர்களே. நாம் அனுப்பும் மண் அவர்களிடம் போய்ச் சேரும்; அவர்கள் சினம் நம்மிடம் வந்து சேராது. ஜாதியாலும் செல்வத்தாலும் பதவியாலும் மேல் என்று சொல்லிக்கொள்வோர், தாம் மேலிருப்பதை உரிமை என்று இதுகாறும் எண்ணி வந்தனர். ஆறு கற்பிக்கும் பாடம் வேறு. மேலிருப்பது உரிமையன்று, அது ஒரு பிணை. எவ்வளவு மேலே நிற்கிறோமோ, அவ்வளவு பேருக்கு நாம் பொறுப்பாளிகள். மேட்டை விரும்புகிறவன் இப்பிணையையும் ஏற்கக் கடவன்; ஏற்க மனமில்லாதவன் மேட்டை விட்டு இறங்குவதே நியாயமாகும்.